ஆறாவது கிளாஸ்

ஜுஃபைரில் ஆகஸ்ட் மாதம், மாலை நான்கு மணி.
வெளியே காற்று
பிழியாத துணியாக முகத்தில் ஒட்டுகிறது.
கீழ்த்தளக் கிடங்கில் பதினாறு டிகிரி குளிர்.
துப்புவதற்கு ஆளுக்கொரு பேப்பர் டம்ளர்.
மேசைமேல் ஆறு புட்டிகள்,
ஆறும் கலிபோர்னியாவிலிருந்து.

விற்க வந்த டெனீஸ்
கிளாஸைத் தண்டில் பிடித்துச் சுழற்றி,
"மூக்கை உள்ளே விடுங்கள்" என்றாள்.
பிளாக்பெரி, செடார், டாஃபி
என்று அச்சடித்த தாள் ஒன்று
எல்லோர் முன்னாலும்.

பிளாக்பெரியை நான்
ஜாம் புட்டியின் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
நாவல் என்று எழுதினேன்.
கொட்டை வரை சப்பிய பிறகு
நாக்கை உள்ளே இழுக்கும் அந்தத் துவர்ப்பு.
ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை,
நாக்கை நீட்டிக் காட்டினேன்.
சிரித்துவிட்டு மதிப்பெண் போட்டாள்.

இரண்டாவது ஆரஞ்சு மஸ்கட்.
"எங்க மச்சான் அங்கதான் லாரி ஓட்டுறான்"
என்றான் இருதயராஜ்.
ஊருக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை என்று
டெனீஸ் இரண்டு முறை விளக்கினாள்.
அவன் நம்பவில்லை.
இன்னொரு வாய் குடித்துவிட்டுத்
துப்ப மறந்தான்.

மூன்றாவதுக்கு முன் ஒரு பாடம்:
பொங்கிக்கொண்டிருக்கும் சாற்றில்
பிராந்தியை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.
அது தின்னாமல் விட்ட சர்க்கரை
அப்படியே தங்கும்.
பாதியில் நிறுத்தினால்தான் இனிப்பு.
"நம்ம படிப்பு மாதிரி"
என்றான் இருதயராஜ்.
பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில்
விமானம் ஏறியவன்.
யாரும் சிரிக்கவில்லை.

நான்காவதை நாக்கில் வைத்ததும் கேட்டேன்:
"இது போர்ட் தானே?"
"அப்படி எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.
அது ஓர் ஊரின் பெயர்."
கொடி அந்த ஊருடையது.
கடல் தாண்டியது,
பெயரைக் கரையிலேயே இறக்கிவிட்டார்கள்.
எனக்குப் பழகிய சங்கதி.
பத்து வருடமாக இந்தத் தீவில்
நான் மிஸ்டர் அய்யாக்கண்ணு.
அது என் அப்பா.
அட்டை அடித்தவனுக்கு
இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது.

ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இருமல் மருந்து.

ஆறாவது,
இருபது கோடை பீப்பாயில் கிடந்தது.
கருப்பட்டிப் பாகின் நிறம்.
கிளாஸ் சுவரில் மெதுவாக,
இறங்க மனமில்லாமல் இறங்கியது.
முகர்ந்தோம். குடித்தோம். விழித்தோம்.
லேகியம் என்று எழுதி அடித்தேன்.
தாளில் இருந்த எந்தச் சொல்லும்
அதன்மேல் உட்காரவில்லை.

அப்போது பின்னால்,
பெட்டி எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பர் நைனா,
கீழக்கரைக்காரர்,
பதினொரு வருடமாகச் சாவி வைத்திருந்தும்
ஒரு சொட்டு நாக்கில் படாதவர்,
திரும்பாமலே சொன்னார்:
"மழையில நனைஞ்ச கோணி.
உள்ள பேரீச்சை.
மேல ஆரஞ்சுத் தோலைக் கிள்ளுன வாசம்.
கோணிக்கு அடியில
கொஞ்சம் கடல்."

மறுபடி மூக்கை விட்டோம்.
கோணி இருந்தது.
பேரீச்சை இருந்தது.
கடைசியில், ஆமாம்,
உப்பேறிய பலகை போல ஏதோ ஒன்று.
டெனீஸுக்கு மொழிபெயர்த்தேன்.
பேனாவை மூடி, திறந்து,
தன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.
எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னாள்.

"வாரம் ஒரு புட்டி உடையுது.
துடைக்கிறது யாரு?"
என்றார் நைனா.
எண்ணிக்கை தவறிவிட்டது போல,
முதல் பெட்டிக்கே திரும்பிப் போனார்.

அன்றிரவு ஒன்பதாம் மேசையில்
கடற்படைத் தலைமுடி வெட்டிய ஒருவர்
இனிப்பாக ஏதாவது கேட்டார்.
தாள் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை.
பேரீச்சை, ஆரஞ்சுத் தோல்,
கடைசியில் கொஞ்சம் கடல், சார்.
குடித்தவர் வெகுநேரம்
கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கோணியை நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

டிப்ஸ் ஒரு தினார்.
நைனா அந்தக் காசைத் தொடமாட்டார்.
மறுநாள் என் சொந்தக் காசில்
சுலைமானி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.
உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்
மூக்கருகே ஒரு கணம் நிறுத்தினார்.

"ஏலக்காய் பழசு"
என்றார்.